டோக்கன்

கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் டிரைவர்கள் கூடினால், உலகத்திலேயே உசத்தியான கார் எது என்ற சண்டை தானாக வந்துவிடும். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஓட்டுகிற வண்டிதான் பெயர். பத்தொன்பது வருஷமாக அருணகிரி அங்கே பென்ஸ். சண்டையில் கடைசி வார்த்தையும் அவருடையதுதான்.

"சென்னையிலேர்ந்து ஒரே மூச்சுல ஓட்டிட்டு வந்தேன், இடுப்பு வலிக்கல. இதுக்கு மேல என்ன வண்டி வேணும்?" என்று கத்தினான் இன்னோவா.

அருணகிரி சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக் காட்டினார். "இத பானெட் மேல நிக்க வச்சு ஸ்டார்ட் பண்ணுவேன். விழாது. உன் வண்டில நிக்குமாடா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியதை ஒருவரும் பார்க்கவில்லை. கண் சரியில்லை என்று முதலாளி போன வாரம் சாவியை வாங்கிக்கொண்டதை அவரும் சொல்லவில்லை.

அப்போதுதான் முதலாளியின் கறுப்பு பென்ஸ் உள்ளே வந்தது. முப்பது வயதுக்காரன் ஒருவன் இறங்கி, கைக்குட்டையால் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அவர்களோடு வந்து நின்றான்.

டிரைவர்களுக்கான சாப்பாட்டு டோக்கனோடு வாட்ச்மேன் வந்தார். புதியவன் கைநீட்டி ஒன்றை வாங்கிக்கொண்டான். அருணகிரிக்கு முன்னால் வந்ததும் வாட்ச்மேன் நின்றார்.

"நீங்க எந்த வண்டிங்க?"

அருணகிரி அந்த நாணயத்தை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டார்.

"என்னய்யா கேக்குற, அவரு நம்ம பென்ஸு!" என்றான் இன்னோவா.

வாட்ச்மேன் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார்.

"பென்ஸுக்குத்தான் குடுத்தாச்சே."