நாலில் ஒரு பங்கு

நர்ஸக்கா தன் காரில் ஒயரைச் சொருகிய மறுநொடி, முன்பே சொருகிவிட்டுக் காத்திருந்தவளின் பெட்டியின் சின்னத் திரையில் ‘இன்னும் ஒரு மணி நேரம்’ என்றிருந்தது ‘இரண்டு’ ஆகிவிட்டது.

அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் சார்ஜ் பெட்டிகள் நான்கு. நான்குக்கும் வருவது ஒரே கரண்ட் லைன். ஒரு வண்டி நின்றால் முழுசும் அதற்கே. இரண்டு நின்றால் பாதி பாதி. கார் என்றோ ஸ்கூட்டர் என்றோ பார்க்காது. பெற்றவள் பிட்டுக் கொடுக்கிற மாதிரி, சரிசமமாகப் பிரித்துவிடும். வயிறு நிறைந்த வண்டி மட்டும் தன் பங்கைத் தானாகவே விட்டுவிடும்.

காரின் பின்சீட்டில் அவள் மகன் குட்டி, துணிப்பையின் மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

விளக்கு வைப்பதற்குள் அவனை அவன் அப்பா வீட்டு வாசலில் கொண்டுபோய் விட வேண்டும். கோர்ட் சொல்லியாயிற்று. இனி அவனுக்கு அதுதான் வீடு, அங்கேதான் பள்ளிக்கூடம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இவளுக்கு.

முன்பொரு முறை பிள்ளையைக் காட்டப் போனபோது தாமதமாகிவிட்டது. இன்னொரு முறை இப்படி நடந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது என்று குட்டியின் அப்பா வக்கீலை விட்டுச் சொல்லியிருந்தான்.

தூரத்து ஊர். அந்தப் பக்கம் போகிற ஒரே பஸ்ஸும் காலையிலேயே போய்விட்டது. காரில் இருந்த சார்ஜோ யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அடுத்து தண்ணீர் கேன் அண்ணன் தன் மூன்று சக்கர வண்டியோடு வந்தார். சொருகினார்.

இரண்டு, மூன்றாயிற்று.

“மூஞ்சிய அப்படி வெக்காத பாப்பா. இன்னிக்குக் கேன் போடலன்னா மூணாவது மாடிக்காரம்மா என்னையே கரைச்சுக் குடிச்சிடும்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. யாரை என்ன சொல்ல முடியும்? நர்ஸக்காவுக்கு டியூட்டி. அவருக்குப் பிழைப்பு. எல்லோர் பக்கமும் நியாயம் இருந்தது. மின்சாரம்தான் இல்லை.

அப்போதுதான் அவளுடைய அப்பா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்ந்த மனிதர். எந்த வாசலிலும் பிந்தி நின்றார் என்று பெயரெடுக்காதவர். அவள் பக்கம் திரும்பாமலேயே நான்காவது பெட்டியில் ஒயரைச் சொருகினார்.

திரை நான்கு என்றது. வெளியே வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

“நேத்து சாயங்காலம்தானேப்பா முழுசா ஏத்துனீங்க?”

“பழைய பேட்டரிம்மா. நிக்க மாட்டேங்குது.”

நெற்றி வியர்வையைச் சட்டைக்கையால் துடைத்துக்கொண்டு தூண் பக்கம் போய் நின்றார்.

அவள் அதற்குமேல் வெட்கம் பார்க்கவில்லை. நர்ஸக்காவிடம் போனாள். கேன் அண்ணனிடம் போனாள். கோர்ட், நேரம், ஞாயிற்றுக்கிழமை என்று கோர்வையில்லாமல் என்னவோ சொன்னாள். பாதியில் காரின் பின்சீட்டைக் கையால் காட்டினாள்.

அவர்கள் மீதியைக் கேட்கவில்லை.

நர்ஸக்கா ஒயரை உருவிச் சுற்றி மாட்டினாள். ஆஸ்பத்திரிக்கு டவுன் பஸ் இருக்கிறதாம். போகிற வழியில் காருக்குள் குனிந்து குட்டியின் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள். கேன் அண்ணனும் தன் ஒயரைப் பிடுங்கினார். மூணாவது மாடிக்காரம்மாவிடம் திட்டு வாங்குவது தனக்கொன்றும் புதிதில்லை என்றார்.

நான்கு, இரண்டாக இறங்கியது.

இனி அப்பாவின் ஸ்கூட்டர் ஒன்றுதான். அவர் தூணை விட்டு நகரவில்லை.

குட்டி ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

“அம்மா, காலையில தாத்தா என்னை வெச்சுக்கிட்டு ஏரியச் சுத்திச் சுத்தி ஓட்டுனாரு தெரியுமா! சார்ஜ் ஃபுல்லாத் தீர்ற வரைக்கும்! அப்புறம் தள்ளிக்கிட்டே வந்தோம்.”

அவள் மெதுவாக அப்பாவிடம் போனாள். கோபம்தான் முதலில் வந்தது. இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கும் உலை வைக்கிறாரே!

“ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?”

அப்பா அவளைப் பார்க்கவில்லை. அவள் காரைப் பார்த்தார்.

“ராத்திரி பூரா நாலு பெட்டியும் காலியாத்தான் கெடந்துச்சு. நீ ஏம்மா சொருகல?”



நேற்று இரவு ஒயரைக் கையில் எடுத்துக்கொண்டு இங்கே வந்து நின்றவள்தான். வெகுநேரம் நின்றாள். பிறகு ஒயரைக் கீழே வைத்துவிட்டு மேலே போய் மகன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

அப்பாவே குனிந்து தன் ஒயரை உருவினார். அதைச் சுற்றி மாட்ட அவருக்கு நேரம் பிடித்தது.

இப்போது லைன் முழுவதும் அவளுக்கே. பங்கு கேட்க யாருமில்லை.

“இறங்குதும்மா! இறங்குது பாரு!” குட்டி ஜன்னலில் தொங்கிக்கொண்டு கைதட்டினான். திரையில் நிமிடங்கள் கழன்று கழன்று விழுந்தன. அந்தப் பெட்டி இத்தனை வேகமாக வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை.