அலையாத்திக் காட்டு ஆராய்ச்சி

"கூட்டம் முடியுற வரைக்கும் ஆம்பளைங்க யாரும் உள்ள வர வேண்டாம் அண்ணே. பொம்பளைங்ககிட்ட மட்டும் பேசணும்."

தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த தஹ்மீனா இதைப் பணிவாகத்தான் சொன்னாள். கடலோர அலையாத்திக் காட்டை ஊர்க்காரர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறவள் அவள். செல்லத்துரையும் பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டுச் சமுதாயக் கூடத்துக்கு வெளியே வந்தார். ஆனால் வாசலை விட்டு நகர மனம் வரவில்லை.

காரணம் இருந்தது. ஊர் வனக்குழுவுக்கு அவர்தான் தலைவர். போன வருஷம் அதிகாரிகள் வந்து விசாரித்தபோது, எங்கள் பெண்கள் காட்டுப் பக்கமே போவதில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டுப் பெண்கள் சேற்றில் இறங்குகிறார்கள் என்று சொல்வது அவருக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. விளைவு, பெண்கள் கையால் தடவி இறால் பிடிக்கும் வாய்க்கால் கரையாகப் பார்த்து அதிகாரிகள் வேலி போட்டு அலையாத்திக் கன்று நட்டுவிட்டார்கள். அதோடு, வாரம் தவறாமல் அவர் தட்டில் விழுந்த இறால் தொக்கும் நின்றுபோனது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. மனைவி மலர்கொடியும் சொல்லவில்லை.

இப்போது அவள் உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டால், தலைவர் சொன்னது பொய் என்று அதிகாரிகள் வரைக்கும் தெரிந்துவிடும்.

சற்று நேரம் வெளியே நின்று பார்த்தார். இருப்புக் கொள்ளவில்லை. ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்க உள்ளே போனார். பேச்சு சட்டென்று நின்றது. அத்தனை பெண்களும் அவரையே பார்த்தார்கள். ஃபேன் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வெளியே வந்ததும் முதுகுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அடுத்து டீ கொண்டுபோனார். பிறகு, வீட்டுச் சாவி எங்கே என்று மலர்கொடியிடம் கேட்கப் போனார்.

"உங்க இடுப்புலதாங்க தொங்குது" என்றாள் அவள்.

பக்கத்து வீட்டு மணிவண்ணன் அவரையும் மிஞ்சிவிட்டான். ட்யூப்லைட்டைச் சரிபார்க்க வேண்டும் என்று ஏணியோடு நுழைந்தவன், ஏறிய பிறகு இறங்கவே இல்லை. கூடத்து ஜன்னல்களில் ஒவ்வொன்றாக ஆண்களின் தலைகள் முளைத்தன.

ஆச்சரியம், தஹ்மீனா ஒரு தரம்கூட முகம் சுளிக்கவில்லை. யார் வந்தாலும் வாங்க அண்ணே என்று வரவேற்றுவிட்டுப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மரியாதை செல்லத்துரைக்குத் துணிச்சல் கொடுத்தது. நேராகப் போய்க் கூடத்தின் நடுவில் நின்றார்.

"இவங்கள்லாம் கூச்சப்படுறவங்கம்மா. வாயத் திறக்க மாட்டாங்க. இவங்க மனசுல உள்ளத நானே சொல்லிடுறேன்."

சொல்லவும் செய்தார். புயல் வந்தபோது காடு ஊரைக் காப்பாற்றியதில் தொடங்கி, பெண்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பதில் கொண்டுவந்து முடித்தார். ஏணி மேலிருந்து மணிவண்ணன் ஆமோதித்தான். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மலர்கொடி மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தஹ்மீனா எழுந்து அவருக்கு நன்றி சொன்னாள். இதைவிடத் தெளிவாக யாராலும் காட்டியிருக்க முடியாது என்றும் சொன்னாள். கூட்டம் கலைந்தது.

செல்லத்துரைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு பெண்ணையும் பேசவிடாமல் சமாளித்தாயிற்று. ஜீப் வரைக்கும் வழியனுப்பப் போனவருக்கு, பாவம் இந்தப் பெண் என்று லேசாக இரக்கம்கூட வந்தது.

"என்னம்மா, ஒருத்தரும் எதுவும் பேசல. உங்க ஆராய்ச்சிக்குச் சிக்கல் எதுவும் வந்துடாதே?"

"அதெல்லாம் இல்ல அண்ணே. நேத்து நீங்கள்லாம் கடலுக்குப் போயிருந்தப்பவே மலர்கொடி அக்கா எல்லாரையும் கூட்டிட்டு வந்து, வேலிய எங்கேருந்து எடுக்கணும்னு காட்டுக்குள்ளயே நின்னு காட்டிட்டாங்க" என்றபடி தஹ்மீனா ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். "பொம்பளைங்க பேச உக்காந்தா ஆம்பளைங்க என்ன பண்ணுவாங்கங்கிறதுதான் இன்னைக்கு ஆராய்ச்சி."