பதினொரு துளிகள்

கிளிநொச்சிக் குடியேற்றத்தில், வாய்க்கால் ஓரத்துப் பதினொரு வீடுகளில் முதல் பிளாஸ்டிக் தட்டு நேசமலருடையது. அறுபத்திரண்டாம் ஆண்டில் அவளுடைய தம்பி கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. பித்தளையைப் போல அதையும் மண்ணும் சாம்பலும் போட்டு மினுக்கினாள். பளபளப்புப் போய்த் தட்டு சொரசொரப்பானது. அயல்வீட்டுப் பத்மாசனி சிரித்தாள்.

நேசமலர் தட்டைக் கழுவிக் கவிழ்த்துப் பிடித்தாள். பதினொரு துளிகள் விழாமல் தொங்கின.

"உங்கட பித்தளையில இப்பிடி நிக்குமோ?"

துடைத்துவிட்டுத் திரும்பக் கழுவினாலும் துளிகள் அதே இடங்களில் நின்றன. பத்மாசனி உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, எங்கட வீடுகள் இருக்கிற மாதிரியெல்லோ கிடக்கு."

"ஓம். அந்தப் பெரிசு என்ர வீடு."

மறுநாள் காலை கழுவியபோது பெரிய துளி மட்டும் நின்றது. எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டத் தட்டோடு வெளியே வந்தாள். வாய்க்கால் நெடுக, பதினொரு வீடுகளில் அவளுடைய குசினி அடுப்பில் மட்டும் புகை எழுந்துகொண்டிருந்தது.