பதினொரு நொடிப் பச்சை

சாலையின் நட்டநடுவே, ஒரு பாயை விரிக்கக்கூட இடமில்லாத திட்டில் மூன்று பேர் நிற்கிறார்கள்: சிக்னல் பொறியாளர், அவருடைய முட்டிவலிக்கார மனைவி, சைக்கிளைத் திட்டின்மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு தபால்காரர். நடப்பவர்களுக்கான சிக்னலின் பச்சை மனிதன் பாதி வழியிலேயே அவர்களைக் கைவிட்டுவிட்டான். முன்னும் பின்னும் பஸ்கள் உரசிக்கொண்டு போகின்றன. வெயிலில் தார் மினுங்குகிறது. மனைவியின் பையிலிருந்து எட்டிப் பார்க்கும் கீரைக்கட்டு, கடந்துபோகும் ஒவ்வொரு லாரிக்கும் தலையாட்டுகிறது. “எந்தப் புண்ணியவான் வெச்ச நேரம் இது? அவனுக்குக் கால்ல சக்கரமா?” என்கிறாள் மனைவி. “எனக்குச் சக்கரமே இருக்கு, என்னாலயே முடியலம்மா,” என்கிறார் தபால்காரர்.

பொறியாளர் வானத்தில் எதையோ தேடுகிறார். சாப்பாட்டு மணி அடித்ததும் தன் மேசையிலிருந்து, இந்தச் சாலையின் அகல தூரத்திலிருக்கும் கேன்டீன் வரைக்கும் தானே நடந்து, கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்த நேரம் அது. பசித்த வயிற்றின் நடை. “அஞ்சு செகண்டுகூட இருக்காது, பாவி!” என்கிறாள் மனைவி. பாவி என்றதைக்கூட விட்டுவிடலாம், அஞ்சு என்றதை அவரால் பொறுக்க முடியவில்லை. “பதினொண்ணு. நானே அளந்து...” என்றவர் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். தபால்காரர் மிகுந்த அக்கறையோடு சைக்கிள் மணியைத் துடைக்கத் தொடங்குகிறார். மனைவி பையைக் கீழே வைக்கிறாள், இடுப்பில் கையை வைக்கிறாள், முட்டிவலியையும் மறந்து அவர் பக்கம் முழுசாகத் திரும்புகிறாள். எதிரே சிவப்பு மாற இன்னும் தொண்ணூறு நொடி இருக்கிறது. அதையும் அவர்தான் வைத்தார்.