ஒலிபெருக்கியில் வந்த பெயர்

2007-இல் மேட்டுப்பாளையம் சோப்பு கம்பெனி, தொழிலாளர்களைக் குடும்பத்தோடு தீம் பார்க்குக்கு அழைத்துப்போனது. சாரம் பகுதியில் குடியிருந்த, கல்யாணமாகாத தனக்கொடி தனியாகப் போனாள். மற்றவர்கள் செயற்கை அலையில் குதித்துக்கொண்டிருக்க, அவள் பைகளுக்குக் காவலிருந்தாள்.

மூன்று மணிக்கு ஒலிபெருக்கி சொன்னது: "சாரத்திலிருந்து வந்திருக்கும் தனக்கொடி, உங்கள் மகள் அலுவலகத்தில் காத்திருக்கிறாள்."

மூன்றாம் முறை அழைத்தபோது எழுந்து போனாள். பெஞ்சில் ஈரக் கவுனோடு ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"இது எம்பொண்ணு இல்லீங்க."

"வெளையாடாதீங்கம்மா. உங்க பேரு, தெரு எல்லாம் சரியா சொல்றா. கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிக்கினு போங்க," என்றாள் அலுவலகப் பெண்.

சிறுமி வந்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். "முட்டிவலி தேவலையாம்மா?"

அந்த வலியைத் தனக்கொடி யாரிடமும் சொன்னதில்லை, கேட்கவும் ஆளில்லை.

"இப்ப பரவால்ல," என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் சிறுமி அவள்மேல் சாய்ந்துகொண்டாள். பதினோரு வருடமாகப் பக்கத்து மெஷினில் வேலை பார்க்கும் பாக்கியலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"போன வருசத்துக்கு நல்லா வளந்துட்டாடி ஒம்பொண்ணு."

தனக்கொடி தலையாட்டினாள். சாரத்தில் இறங்கும்வரை சிறுமியின் பெயரை அவள் கேட்கவில்லை. கேட்டால் விரலை விட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது.