முந்நூறு ரூபாய்க் கேமரா

கிடைப்பதற்கே அரிதான ரேஞ்ச்ஃபைண்டர் என்ற பழைய ஃபிலிம் கேமரா ஒன்று, காயலான் கடையில் துரைக்கண்ணுவுக்கு முந்நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. வீட்டில் அவர் சேர்த்துவைத்திருந்த கேமராக்களின் கண்ணாடி அலமாரியில் கொண்டுவந்து வைத்தார்.

“உன்னை என்ன விலைக்கு வாங்கினார்?” என்று கேட்டது பக்கத்திலிருந்த வெள்ளி நிறக் கேமரா. “நான் இரண்டு லட்சம்.”

“முந்நூறு” என்றது புதிதாக வந்தது, கூச்சத்தோடு. அலமாரியே குலுங்கிச் சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை துரைக்கண்ணு கடற்கரைக்குக் கிளம்பினார். வெள்ளிக் கேமராவைத் தொட்டவர், கீறல் விழுந்துவிடுமோ என்று கையை இழுத்துக்கொண்டார். “முந்நூறுதானே, நனைஞ்சா நனையட்டும்!” என்று புதியதில் ஃபிலிம் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அன்று முப்பத்தாறு படம். ஒவ்வொரு கிளிக்குக்கும் அதற்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மாலையில் மணலும் உப்புமாக அது திரும்பி வந்தது. கதவு சாத்தும்வரை பொறுத்திருந்த வெள்ளிக் கேமரா, மெல்லக் கேட்டது:

“அலை கிட்டே வரும்போது எப்படிப்பா இருக்கும்?”