எட்டு வயதில் மீசை

உத்திரமேரூர் பஸ் நிலையத்தில், செங்கல்பட்டு பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துவிட்ட பேரனைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார் வேதகிரி.

இன்னொரு கை அவனுடைய அம்மா சசிரேகாவிடம் இருந்தது. மாமனாரும் மருமகளும் இழுத்த இழுப்பில் கலைச்செல்வன் திருதிருவென்று விழித்தான்.

பையனுக்கு எட்டு வயது. பார்க்கிறவர்கள் பன்னிரண்டு என்பார்கள். ஓட்டப் பந்தயம் என்றால் மற்ற பிள்ளைகள் இரண்டாம் பரிசுக்குத்தான் ஓடினார்கள்.

அவன் மேலுதட்டில் பூனைமுடி கறுத்ததும் தாத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் பேரனின் தாடையைப் பிடித்துத் திருப்பி நாலு பேருக்குக் காட்டினார்.

சசிரேகாவோ கணக்கெடுத்துக்கொண்டிருந்தாள். ஒரே வருஷத்தில் மூன்று ஜோடி செருப்பு. சட்டையைத் துவைக்க எடுத்தால் வளர்ந்த ஆம்பிளையின் வியர்வை நாற்றம். போன மாதம் குரலும் உடைந்தது.

பெண் பிள்ளையாக இருந்தால் இந்நேரம் ஊரே விசாரித்திருக்கும். ஆண் பிள்ளை என்றால் மட்டும் மாலை போடுவார்களாம்.

பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டரம்மாதான் மூடி மறைக்காமல் சொன்னார். ஒன்பது வயதுக்கு முன்னால் ஆண் பிள்ளைக்கு இப்படியெல்லாம் வந்தால் சும்மா விடக் கூடாது, காரணம் என்னவென்று பார்த்தே ஆக வேண்டும். எலும்பு அவசரமாக வளர்ந்து, அவசரமாகவே நின்றுவிடலாம். இன்றைக்கு வகுப்பிலேயே உயரமானவன் நாளைக்கு எல்லோரையும் விடக் குள்ளமாகிப் போகலாம். சீக்கிரம் காட்டினால் வைத்தியம் உண்டு.

இதை நாலு நாளாக வீட்டில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். புருஷன் புருஷோத்தமன் அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவனில்லை. இப்போதும் வெளியே இவ்வளவு கூத்து நடக்க, பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தான். நல்ல ஆளைக் கட்டினேன் என்று சசிரேகா பல்லைக் கடித்தாள்.

வேதகிரி கூடியிருந்தவர்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"ஆம்பளப் புள்ள வளர்றதுக்கு எவனாவது ஆஸ்பத்திரிக்குப் போவானா? இவங்கப்பன் கூடத்தான் எட்டு வயசுல மீசையோட நின்னான். இன்னா கெட்டுப்பூட்டான் இப்ப?"

சசிரேகா திரும்பி பஸ் ஜன்னலைப் பார்த்தாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் இந்தச் சங்கதி அவள் காதுக்கு வந்ததே இல்லை.

புருஷோத்தமன் பஸ்ஸை விட்டு இறங்கினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அப்பாவின் எதிரில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

எட்டு வயது கலைச்செல்வன் அவன் தோளைத் தாண்டியிருந்தான். புருஷோத்தமனோ தன் அப்பாவின் நெஞ்சுக்குத்தான் வந்தான்.

"பதினோரு வயசுல நின்னவன், அப்டியே நின்னுக்கினு கீறேன் நைனா. என் புள்ளைய வுடு, அவனாவது வளரட்டும்."

வேதகிரி மகனைப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷமாகத் தினமும் பார்க்கிற மகன்தான். பேரனைப் பிடித்திருந்த கை தானாக விட்டது.

பஸ் நகர்ந்ததும் சசிரேகா புருஷனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பத்துப் பேர் பார்க்கட்டும் என்றுதான்.